புதுப்பிப்பு: புடாபெஸ்டில் இரண்டு நாள், முழங்கால் வலியுள்ள அம்மாவுடன்

படியேறாமல் அம்மாவுக்கு எதையெல்லாம் காட்டலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம்.

பெரிதும் உதவியது 2ஆம் எண் டிராம் யோசனைதான். டான்யூப் ஆற்றின் கிழக்கே உள்ள பெஸ்ட் கரையில், ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. ஆற்றுப் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தால் எதிரே கோட்டை, 1849இல் திறந்த சங்கிலிப் பாலம், கெல்லேர்ட் குன்று எல்லாம் வரிசையாக வருகின்றன. அம்மா திரும்பவும் போகலாம் என்றார், போனோம்.

கோட்டை மலைக்கு 16ஆம் எண் பேருந்து. மேலே மீனவர் கொத்தளம் என்ற, நகரைப் பார்க்கும் மதில் மாடத்தின் பெரும்பகுதிக்குக் கட்டணமில்லை, உச்சி மாடத்துக்குத்தான் சீட்டு. அதை விட்டுவிட்டோம், குறையொன்றுமில்லை.

நாடாளுமன்றத்துக்குள் போக நினைப்பவர்கள் முன்பதிவு செய்துவிடுங்கள். நாங்கள் செய்யாததால் அன்று இடம் கிடைக்கவில்லை. அப்புறம் மெட்ரோவில் எதிர்க்கரை பத்தியானி சதுக்கம் போய், நாடாளுமன்றத்தின் 96 மீட்டர் உயரக் குவிமாடம் விளக்கொளியில் பொன்னாவதைப் பார்த்தோம். அந்த இடத்தைச் சொன்னவருக்குத் தனி நன்றி.

எதிர்பாராதது, நாடாளுமன்றத்துக்குத் தெற்கே ஆற்றோரம் இருக்கும் 60 ஜோடி இரும்புக் காலணிகள். 1944-45இல் ஹங்கேரியின் நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சியினர் யூதர்களைக் கரையில் நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் சொல்லிச் சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். அவர்களுக்காக 2005இல் வைத்த நினைவிடம். ஒரு குழந்தையின் செருப்புக்குள் யாரோ பூ வைத்திருந்தார்கள். அம்மா அங்கிருந்து வெகுநேரம் நகரவில்லை.