சீம் சீலர்: பட்டி என்று சொல்லலாமா?

தஞ்சாவூரிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். பழைய அம்பாசடர், பத்மினி வண்டிகளின் தரையில் துரு தின்ற தகரத்தை மாற்றும் குறிப்பில் 'புளோர் பேன்' என்பதற்கு 'அடித்தகடு' என்று போட்டாயிற்று. ('அடித்தட்டு' என்றால் மக்கள் நினைவுக்கு வருகிறார்கள், 'தரைத்தட்டு' என்றால் கப்பல் நின்றுவிடும்.) மிச்சம் 'சீம் சீலர்', அதாவது தகடுகள் சேரும் மூட்டின் இடுக்கை அடைக்கும் பசை. டிங்கரிங் பட்டறையில், நெளிசலை நிரப்பும் பட்டி (putty) போலவே, இதற்கும் பட்டி என்றே பெயர். 'மூட்டுப்பட்டி' சரிதானா?

கும்பகோணத்திலிருந்து:

> மூட்டுப்பட்டி

வேண்டாம் ஐயா, வேலையே கெட்டுப்போகும். பட்டி காய்ந்தால் கல். குண்டும் குழியுமான ரோட்டில் தகடு அதிர, பட்டி விரிசல் விடும். ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சீலர் ரப்பர் மாதிரி இழுபட வேண்டும்.

வேலையின் வரிசையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். திருப்புளியால் குத்தி, உள்ளே இறங்காத இடத்துக்கும் 2 செ.மீ. தள்ளி வெட்டுகிறோம். 20 கேஜ் தகரத்தை 15 மி.மீ. மேலேற்றி வைக்கிறோம், ஒன்றன்மேல் ஒன்று படியும் இரு முகத்திலும் துத்தநாக பிரைமர் (துருத் தடுப்பு அடிப்பூச்சு). 3 செ.மீ.க்கு ஒரு பொட்டு வெல்டு, இங்கொன்று எதிர்ப்பக்கம் ஒன்று. ஒரே இழுப்பாக ஓட்டினால் தகடு அப்பளமாகிவிடும். பொட்டுக்கும் பொட்டுக்கும் நடுவே இடுக்கு திறந்தே இருக்கும். அதை அடைப்பதுதான் சீலர். வெறும் இரும்பில் பிடிக்காது, பிரைமருக்கு மேல்தான். ஐப்பசி ஈரத்தில் தேய்த்த தகரத்தை ஒரு ராத்திரி விட்டாலே செம்மை பூத்துவிடும். அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும்.

'மூட்டுப்பற்று' எப்படி?

தஞ்சாவூரிலிருந்து:

பற்று என்றால் வெல்டரிடம் 'பத்தவைப்பது' ஆகிவிடுமே. வெல்டு வைத்துவிட்டு, மூட்டுப்பற்று முடிந்தது என்பார்.

நாகப்பட்டினத்திலிருந்து:

படகுத் தச்சரிடம் இதற்குச் சொல் இருக்கிறது: கலப்பத்து. பலகை இடுக்கில் பஞ்சுத்திரியை உளியால் செருகி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவது. பலகை அசைந்தாலும் தண்ணீர் வரக்கூடாது. நமக்கும் அதே கணக்குதான்.

கும்பகோணத்திலிருந்து:

அகராதி வடிவம் 'கலப்பற்று'. அதை அச்சிட்டால் கலப்பற்ற பால் போலப் படிப்பார்கள். பேச்சு வடிவத்தையே வைப்போம்.

தஞ்சாவூரிலிருந்து:

சரி. குறிப்பில் இப்படிப் போடுகிறேன்: "பிரைமர் காய்ந்ததும் உள்ளும் அடியும் இடுக்கு நெடுகக் கலப்பத்து (சீம் சீலர்) இட்டுப் பிரஷ்ஷால் தேய்க்கவும்."

நாகப்பட்டினத்திலிருந்து:

இரண்டு வரி சேர்க்கவும். பாத்ரூம் சிலிக்கான் கலப்பத்து ஆகாது: புளித்த காடி வாடை அடிப்பது இரும்பை அரிக்கும், மேலே பெயிண்டும் ஒட்டாது. அடித்தகட்டில் கம்பெனி விட்ட வடிகால் ஓட்டைகளை அடைக்கக்கூடாது. ரப்பர் மூடியை மட்டும் மாற்றவும்.