சபா மேடை, ஐஎஸ்ஓ 6400: நாய்ஸுக்குக் காரணம் சென்சாரா, லென்ஸா?

மாடவீதி:
மார்கழி சீசனுக்குள் ஒரு முடிவெடுக்க வேண்டும். மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் கச்சேரியும் பரதமும் எடுக்கிறேன். ஃபிளாஷ் கூடாது, ஷட்டர் சத்தமும் கூடாது. கையில் இருப்பது 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமரா, 55-210 எஃப்/4.5-6.3 லென்ஸ். 1/200 நொடி வைத்தால் ஐஎஸ்ஓ (சென்சார் சிக்னலைப் பெருக்கும் அளவு) 6400க்குக் கீழே இறங்குவதே இல்லை. முகம் பரவாயில்லை. கருநீலப் பட்டின் மடிப்பில்தான் சிவப்பும் ஊதாவுமாகப் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வருகிறது. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேமுக்கு மாறினால் இது தீருமா? மாறுவதென்றால் 12 மெகாபிக்சலா, 33ஆ? பெரிய பிக்சலில்தான் நாய்ஸ் குறைவு என்று கடையில் சொல்கிறார்கள்.

இருட்டறை:
முதலில் லென்ஸை மாற்றுங்கள். கேமராவைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

நீங்கள் பார்க்கும் நாய்ஸில் பெரும்பங்கு சென்சார் உண்டாக்குவது அல்ல, வெளிச்சத்திலேயே இருப்பது. ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) சீராக வந்து விழுவதில்லை. பிக்சலில் விழுந்து அவை எலக்ட்ரான்களாகச் சேரும். ஒரு பிக்சலில் 10,000 எலக்ட்ரான் சேர்ந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது நூற்றில் ஒரு பங்கு. 100 மட்டுமே சேர்ந்தால் ஏற்ற இறக்கம் 10, பத்தில் ஒரு பங்கு. எந்த கம்பெனி சென்சாரானாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்பாது. ஆகவே ஃபிரேம் முழுக்க மொத்தம் எவ்வளவு வெளிச்சம் சேர்கிறது என்பதே கேள்வி.

ஃபுல் ஃபிரேம் 36 x 24 மி.மீ., 864 சதுர மி.மீ. உங்கள் ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 23.5 x 15.6, அதாவது 367. வித்தியாசம் 2.4 மடங்கு, ஒரு ஸ்டாப்புக்கு (வெளிச்சம் இரட்டிப்பதற்கு) சற்று மேல். ஆனால் எஃப் எண் குறைந்தால் லென்ஸின் திறப்பு பெரிதாகும்; எஃப்/6.3-லிருந்து எஃப்/2.8-க்குப் போனால் 5 மடங்கு கிடைக்கிறது. அதே ஷட்டரில், எஃப்/2.8 மாட்டிய உங்கள் பழைய கேமரா, எஃப்/6.3 மாட்டிய புது ஃபுல் ஃபிரேமைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்கும். எஃப்/4 மாட்டிய ஃபுல் ஃபிரேமோடு கிட்டத்தட்ட சமம்.

12ஆ 33ஆ என்பதற்கு: 100 சதவீதம் ஜூம் செய்து பார்த்தால் 12 சுத்தமாகத் தெரியும். இரண்டையும் ஒரே அளவில் பிரின்ட் போட்டால் வித்தியாசம் அநேகமாக மறைந்துவிடும். மிக மிக உயர்ந்த ஐஎஸ்ஓவில் மட்டும் 12க்குக் கொஞ்சம் சாதகம் உண்டு. ஒவ்வொரு பிக்சலைப் படிக்கும்போதும் சிறிது ரீட் நாய்ஸ் சேரும், பிக்சல் குறைந்தால் அதுவும் குறையும், அவ்வளவுதான்.

மாடவீதி:
நன்றி சார். அப்படியென்றால் புது சென்சார்களில் பிஎஸ்ஐ, டூயல் கெயின் என்று சொல்வதெல்லாம் விளம்பரம்தானா?

இருட்டறை:
இல்லை, பட்டு மடிப்பு போன்ற இருட்டுப் பகுதியில் அவைதான் பேசும். அங்கே ஒரு பிக்சலுக்கு 9 எலக்ட்ரான் வந்தது என்று வையுங்கள். வெளிச்சத்தின் சொந்த நாய்ஸ் 3. ரீட் நாய்ஸ் 5 என்றால் மொத்தம் 5.8 (இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்). ரீட் நாய்ஸ் 1.5 என்றால் 3.4 மட்டுமே. டூயல் கெயின் செய்வது இதைத்தான்: குறிப்பிட்ட ஐஎஸ்ஓவுக்கு மேல் பிக்சலின் மின்தேக்குத் திறனைக் குறைத்து, ஒரே எலக்ட்ரானுக்கு அதிக வோல்ட்டேஜ் எடுக்கும். பதிலுக்கு, பிக்சல் சீக்கிரம் நிரம்பிவிடும். சோனி ஏ7 மார்க் 3-இல் இந்த மாற்றம் ஐஎஸ்ஓ 640-இல் நடக்கிறது. அதனால் ஒரே ஷட்டர், ஒரே அபர்ச்சரில் 500-இல் எடுத்து மென்பொருளில் ஏற்றுவதைவிட 640-இல் நிழல் சுத்தம்.

பிஎஸ்ஐ என்பது வயரிங்கை, வெளிச்சத்தைப் பிடிக்கும் ஃபோட்டோடயோடுக்குப் பின்னால் தள்ளுவது. ஃபோன் சென்சாரின் குட்டிப் பிக்சலுக்குப் பெரிய வரம். 2015-இல் ஏ7ஆர் மார்க் 2 மூலம் ஃபுல் ஃபிரேமுக்கும் வந்தது, ஆனால் அவ்வளவு பெரிய பிக்சலில் அதனால் கிடைக்கும் லாபம் சிறிதுதான்.

கோடம்பாக்கம்_ரா:
நண்பர் கணக்கைச் சொல்லிவிட்டார். அந்தக் கருநீலத்துக்கு வருகிறேன். சென்சாரில் நான்கு பிக்சலுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். மேடையில் 3200 கெல்வின் மஞ்சள் விளக்கு என்றால் நீலத்தில் வந்து சேர்வதே சொற்பம். வொய்ட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறத் திருத்தம்) அந்த நீலச் சேனலை இரண்டு மடங்குக்கும் மேல் பெருக்குகிறது, நாய்ஸும் சேர்ந்தே பெருகுகிறது. ரா (கேமரா பதப்படுத்தாத ஃபைல்) கன்வெர்ட்டரில் கலர் நாய்ஸ் ஸ்லைடரை மட்டும் ஏற்றுங்கள். லுமினன்ஸ் (வெளிச்ச நாய்ஸ்) ஸ்லைடரை அதிகம் தொட்டால் ஜரிகை மெழுகாகிவிடும்.

நாட்டியத்தில் முழுச் சிவப்பு எல்இடி போட்டால் கதை தலைகீழ். நான்கில் ஒரு பிக்சல்தான் வேலை செய்யும், அதுவும் சட்டென்று நிரம்பி முகம் சப்பையாகும். மொத்த ஹிஸ்டோகிராம் (வெளிச்ச வரைபடம்) இடப்பக்கம் ஒதுங்கியிருப்பதைப் பார்த்து எக்ஸ்போஷரை ஏற்றிவிடாதீர்கள். சிவப்பு வரைபடத்தைத் தனியே பாருங்கள்.

சைலன்ட் (எலக்ட்ரானிக்) ஷட்டரிலும் கவனம் தேவை. ஸ்டாக்டு (வேகமாகப் படிக்கும் அடுக்கு வகை) அல்லாத சென்சார் ஒரு ஃபிரேமை மேலிருந்து கீழ் படிக்கப் பெரும்பாலும் 1/15 முதல் 1/30 நொடி எடுக்கும். அதற்குள் விளக்கு துடித்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும், அதனால் 1/100 வைத்தால் சரியாகும். ஆனால் மிருதங்கக்காரர் விரல் அதில் கலங்கும். டிம்மர் போட்ட எல்இடி வேறு வேகத்தில் துடிக்கும், அதற்கு 1/100 உதவாது. சில கேமராக்கள் எலக்ட்ரானிக் ஷட்டரில் 14 பிட்டிலிருந்து 12க்கு இறங்கிவிடும், குறைந்த ஐஎஸ்ஓ நிழலில் அது தெரியும். மேனுவலில் இதைத் தேடிப் பாருங்கள்.

மாடவீதி:
சென்னை வெயிலில் சென்சார் சூடாகி நாய்ஸ் கூடுமா?

இருட்டறை:
1/200 நொடிக்குக் கவலையே வேண்டாம். மெரினாவில் இரவு 30 நொடி எக்ஸ்போஷர் என்றால் ஆம். 6 முதல் 8 டிகிரிக்கு ஒருமுறை டார்க் கரண்ட் (வெளிச்சமே இல்லாமல் வெப்பத்தால் சேரும் எலக்ட்ரான்) இரட்டிக்கும். அரை மணி நேரம் 4கே வீடியோ எடுத்து, சென்சார் 28-லிருந்து 42 டிகிரிக்குப் போனால் சுமார் 4 மடங்கு. லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனைப் போட்டால் மூடிய ஷட்டரோடு இன்னொரு 30 நொடி எடுத்துக் கழித்துவிடும்.

கேமரா வாங்குமுன் வடபழநி பக்கம் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 6400-இல் ஒரு ரா ஃபைல், கணினியில் 4 ஸ்டாப் ஏற்றுங்கள். ஒழுங்கற்ற மணல் போன்ற நாய்ஸ் என்றால் பிரச்சினை இல்லை, எந்த டினாய்ஸ் மென்பொருளும் சமாளிக்கும். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு தெரிந்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள், அதைச் சுத்தமாக எடுப்பது கடினம்.