கேமராவை விட்டு இறங்கிய பிளாஷ்: தொடக்கத்தில் மேனுவலா, டிடிஎல்லா?

#1 கல்மண்டபம் வாசி

ராயபுரம், தண்டையார்பேட்டை வட்டாரத்தில் புதிதாகக் கேமரா வாங்குகிற இளைஞர்களில் பலர், பிளாஷையும், அதைக் கேமராவிலிருந்து தள்ளி நிறுத்திக் கம்பியில்லாமல் எரியவைக்கும் ரேடியோ டிரிக்கரையும் சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள். அடுத்து அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: பிளாஷின் அளவை நாமே வைத்துக்கொள்ளும் மேனுவல் முறையில் பழகுவதா, முன்ஒளி ஒன்றை வீசி லென்ஸ் வழியே அளந்து கேமராவே முடிவு செய்யும் டிடிஎல் முறையில் பழகுவதா? ஒரு பிளாஷ், ஒரு ஸ்டாண்ட், மேனுவல் முறை என்று தொடங்க வேண்டும் என்பதும், டிடிஎல் பொத்தானைச் சில மாதங்களுக்குத் தொடவே கூடாது என்பதும் என் உறுதியான கருத்து.

பிளாஷ் போட்டு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் இரண்டு ஒளிகள் பதிவாகின்றன. ஒன்று அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒளி. மற்றொன்று பிளாஷின் ஒளி. ஷட்டர் வேகத்தை, அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை மாற்றினால் இடத்தின் ஒளி மட்டுமே கூடும் அல்லது குறையும். பிளாஷ் கண நேரத்தில் எரிந்து முடிந்துவிடுவதால், சின்க் வேகத்துக்குள் (சென்சார் முழுவதும் ஒரே கணத்தில் திறந்திருக்கும் மிக வேகமான ஷட்டர் அளவு) இருக்கும் வரை ஷட்டர் அதைத் தீண்டுவதில்லை. லென்ஸின் துளையளவான அப்பர்ச்சரும், சென்சாரின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்தே மாற்றும். பிளாஷின் திறனும், அது ஆளிடமிருந்து நிற்கும் தூரமும் பிளாஷ் ஒளியை மட்டும் மாற்றும். இந்த ஐந்து கட்டுப்பாடுகளில் எது எதைத் தொடுகிறது என்பது கைக்குப் பழகிவிட்டால், எந்த இடத்திலும் படத்தை நாம் நினைத்தபடி அமைக்கலாம்.

காசிமேட்டுக் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடற்கரை கிழக்கு நோக்கியது. காலையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், படகுகளையும் அலையையும் பின்னணியாக வைத்து ஒரு மீனவரை நிறுத்தினால் அவர் முகம் நிழலில் விழும். முகத்துக்கு அளவு வைத்தால் வானம் வெளுத்துப்போகும். வானத்துக்கு வைத்தால் முகம் கருத்துவிடும். பிளாஷை அணைத்துவிட்டு, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200 நொடி என்று நிறுத்தி, வானத்தின் நிறம் தங்கும் வரை அப்பர்ச்சரைக் குறுக்குங்கள். பிறகு பிளாஷை அவருக்கு ஒரு பக்கமாக, தலைக்குச் சற்று மேலே, ஒன்றரை மீட்டர் தூரத்தில் நிறுத்தி 1/8 திறனில் ஒரு படம் எடுங்கள். முகம் இருண்டிருந்தால் 1/4, வெளுத்திருந்தால் 1/16. ஒவ்வொரு படியும் சரியாக ஒரு ஸ்டாப், அதாவது ஒளி இருமடங்காகும் அல்லது பாதியாகும். இரண்டு மூன்று படங்களுக்குள் அளவு அமைந்துவிடும். பிளாஷும் ஆளும் நகராத வரை அது மாறாது. வானம் வெளுக்க வெளுக்க அப்பர்ச்சரைக் குறுக்கி, அதே அளவுக்குப் பிளாஷைக் கூட்டினால் போதும். டிடிஎல் இதே படத்தைத் தரலாம். ஆனால் ஏன் அப்படி வந்தது என்பதைச் சொல்லித் தராது.

#2 வண்ணை மணப்படம்

ஐயா சொல்லும் இயற்பியலில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. கற்கும் வரிசை பற்றியே மாறுபடுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு திருமணப் படங்கள் எடுக்கிறேன். உதவிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் டிடிஎல் முறையைத்தான் முதலில் சொல்லித் தருகிறேன்.

காசிமேட்டு மீனவர் நீங்கள் சொன்ன இடத்தில் நிற்பார். தாலி கட்டும் நேரத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். உறவினர்கள் எழுந்து முன்னால் வருவார்கள், நாதசுரம் உச்சத்துக்குப் போகும், அட்சதை பறக்கும். கம்பில் பிளாஷைப் பிடித்திருக்கும் உதவியாளர் நெரிசலில் ஒரு அடி முன்னே தள்ளப்படுவார், ஒரு அடி பின்னே ஒதுங்குவார். ஒளியின் அளவு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதால், ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குப் பின்வாங்கினாலே கால் பங்கு ஒளிதான் மிஞ்சும். அதாவது இரண்டு ஸ்டாப் இழப்பு. அந்த வினாடியில் திறனைத் திருத்திக்கொண்டு நிற்பவர் தாலி கட்டும் படத்தை இழப்பார். அதைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது.

இன்னொன்றையும் கருத வேண்டும். புதியவருக்கு முதல் நாளில் ஒரு நல்ல படமாவது கிடைக்க வேண்டும். அளவைக் கேமரா பார்த்துக்கொண்டால், ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தால் முகம் எப்படி மாறுகிறது என்பதில் அவர் மனத்தைச் செலுத்த முடியும். கேமராவின் தலையிலிருந்து பிளாஷை இறக்குவதே திசைக்காகத்தானே?

#3 கல்மண்டபம் வாசி

திருமண மண்டபத்தையே எடுத்துக்கொள்வோம். டிடிஎல் தன் முன்னால் இருப்பது சராசரி வெளிச்சம் கொண்ட காட்சி என்று கருதியே கணக்குப் போடுகிறது. வெள்ளை வேட்டி சட்டையில் பத்துப் பேர் வரிசையாக நின்றால், காட்சி வெளிச்சமாக இருக்கிறது என்று எண்ணிப் பிளாஷைக் குறைத்துவிடும், முகங்கள் மங்கிவிடும். பட்டுப் புடவையின் அகலச் சரிகை முன்ஒளியை நேராகத் திருப்பி அனுப்பினாலும் அதே விளைவுதான். இருண்ட பின்னணியில் மணப்பெண் தனியாக நின்றால் பிளாஷ் கூடிப்போய் நெற்றி வெளுக்கும். ஒரே மேடையில், ஒரே இடத்தில் நிற்பவர்களின் முகங்கள் படத்துக்குப் படம் வேறு வேறு அளவில் வரும்போது, ஆல்பம் செய்பவர் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருக்கிறது. டிடிஎல்லுக்கும் ஈடு செய்யும் பொத்தான் உண்டு என்பீர்கள். எந்தப் பக்கம், எவ்வளவு ஈடு செய்வது என்று அறிய, மேனுவலில் பெற்ற அறிவு தேவைப்படுகிறதே!

#4 எண்ணூர்க் கரை

இருவருமே பிளாஷ் கட்டாயம் என்ற இடத்திலிருந்து பேசுகிறீர்கள். புதியவருக்கு இன்று பிளாஷே தேவையில்லை என்பது என் வாதம். பேட்டரியில் ஓடும் 60 வாட் எல்இடி விளக்கு எளிதில் கிடைக்கிறது. மூக்கின் நிழல் எங்கே விழுகிறது, கண்ணுக்குள் ஒளிப்புள்ளி தெரிகிறதா என்பதைப் படம் எடுக்கும் முன்பே கண்ணால் காணலாம். இன்றைய கேமராக்கள் ஐஎஸ்ஓ 3200லும் தெளிவாகவே எடுக்கின்றன. அதே விளக்கு காணொளிக்கும் உதவும். டிரிக்கர், சின்க் வேகம், திறனின் பின்னங்கள் ஆகிய சுமைகளைத் தொடக்கத்திலேயே ஏன் ஏற்ற வேண்டும்?

#5 வண்ணை மணப்படம்

இந்த இடத்தில் நான் கல்மண்டபம் ஐயாவின் பக்கம் நிற்கிறேன். கணக்கை வைக்கிறேன், சரிபாருங்கள். 60 வாட் விளக்கு ஒரு நொடிக்கு 60 ஜூல் ஆற்றலைச் செலவிடும். ஷட்டர் 1/200 நொடிதான் திறந்திருக்கிறது என்றால், படத்துக்குப் பயன்படுவது 0.3 ஜூல். நான்கு ஏஏ பேட்டரியில் ஓடும் சிறு பிளாஷ், முழுத் திறனில் ஏறத்தாழ 60 ஜூலை அதே திறப்புக்குள் கொட்டிவிடுகிறது. இருநூறு மடங்கு, ஏழரை ஸ்டாப்புக்கும் சற்று மேல். மின்சாரத்தை ஒளியாக்குவதில் எல்இடி மேலானது என்பதற்காக ஒன்றிரண்டு ஸ்டாப் கழித்தாலும், ஐந்தாறு ஸ்டாப் வித்தியாசம் மிஞ்சுகிறது. வெயிலில் ஐஎஸ்ஓவைக் கூட்டியும் இதை ஈடுகட்ட முடியாது. ஐஎஸ்ஓ கூடினால் வெயிலின் அளவும் சேர்ந்தே கூடிவிடும்.

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/200 நொடி என்றால் அப்பர்ச்சர் எஃப் 11 வேண்டும் (எண் கூடக் கூடத் துளை சிறிது). வழிகாட்டு எண் (எட்டும் தூரத்தை எஃப் எண்ணால் பெருக்கிச் சொல்லும் பிளாஷின் வலு) 36 மீட்டர் உள்ள பிளாஷ், எஃப் 11ல் முழுத் திறனுடன் 3.3 மீட்டர் வரை எட்டும். ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸை மாட்டினால் இரண்டு ஸ்டாப் வரை விழுங்கிவிடும். அப்போது எட்டும் தூரம் பாதியாகி ஒன்றரை மீட்டர் சொச்சத்துக்கு வந்துவிடும். பிளாஷுக்கே நிலைமை இவ்வளவு நெருக்கடி என்றால், அந்த இடத்தில் 60 வாட் விளக்கை வைப்பதில் பொருளில்லை.

#6 எண்ணூர்க் கரை

வெயிலைப் பொறுத்தவரை கணக்கை ஏற்கிறேன். நான் சொன்னது உள்ளிடங்களைப் பற்றி. நம் தெருக்களில் உள்ள கேரம் கிளப்புக்குள் போய்ப் பாருங்கள். பலகைக்கு மேலே ஒரு விளக்கு தொங்கும். சுற்றி நிற்பவர்களின் முகம் பாதி இருட்டில் இருக்கும். அங்கே பிளாஷ் ஒவ்வொரு முறை எரியும்போதும் ஆட்டக்காரரின் கவனம் சிதறும். சிறிய எல்இடி ஒன்றை மங்கலாக ஓரமாக வைத்துவிட்டால், ஐந்து நிமிடத்தில் அதை எல்லாரும் மறந்துவிடுவார்கள். குத்துச்சண்டைப் பயிற்சியிலும் அப்படித்தான். இருவர் மோதிக்கொண்டிருக்கும்போது கண்ணில் பிளாஷ் அடிப்பது அவர்களுக்கு ஆபத்து. ஒளியின் திசையைக் கற்பதும் அளவைக் கற்பதும் இரு வேறு பாடங்கள். திசைக்கு எல்இடியைவிடச் சிறந்த ஆசிரியர் கிடையாது.

#7 கல்மண்டபம் வாசி

குத்துச்சண்டை பற்றிச் சொன்னதற்கு மறுப்பே இல்லை. கேரம் கிளப்பில் ஓர் எச்சரிக்கை மட்டும். மலிவான எல்இடிகளில் சில, மங்கலாக்கும்போது வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய குழல்விளக்குகளும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். கூரை விளக்குக்கு 1/50 அல்லது 1/100 நொடி பாதுகாப்பானது. நீங்கள் கொண்டுபோகும் எல்இடியை முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.

#8 வியாசை மாணவர்

ஐயாக்களுக்கு வணக்கம். வியாசர்பாடியில் மாலை வேளையில் கால்பந்து ஆடும் என் நண்பர்களைப் படமெடுக்க விரும்புகிறேன். பர்மா பஜார் பக்கம் பழைய பிளாஷ் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தது. அதில் டிடிஎல் கிடையாது. இந்த விவாதத்தில் எந்தப் பக்கம் எனக்குப் பயன்படும்?

#9 கல்மண்டபம் வாசி

தம்பி, முதலில் அந்தப் பிளாஷை நேராகக் கேமராவில் மாட்டாதீர்கள். பிலிம் காலத்துப் பிளாஷ்களில் சிலவற்றின் தூண்டு மின்னழுத்தம், அதாவது கேமராவோடு இணையும் முனைகளில் இருக்கும் மின்னழுத்தம், 100 வோல்ட்டைத் தாண்டும். அது இன்றைய கேமராவின் சுற்றைக் கெடுத்துவிடலாம். மின்னழுத்தம் அளக்கும் கருவி வைத்திருப்பவரிடம் காட்டி, பிளாஷை இயக்கிய நிலையில் அடிப்பகுதியின் நடுப்புள்ளிக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். சில வோல்ட்டுகளே காட்டினால்தான் டிரிக்கரில் மாட்டலாம். அதற்கும் டிரிக்கருடன் வந்த கையேட்டில் உள்ள வரம்பைப் பாருங்கள்.

இனி ஆட்டம். வண்ணைத் தம்பி சொன்ன தூரச் சிக்கலுக்கு மேனுவலிலேயே ஒரு வழி உண்டு: பிளாஷைத் தள்ளி வைப்பது. பிளாஷ் 2 மீட்டரில் இருந்து, ஆட்டக்காரர் இன்னும் 1 மீட்டர் விலகினால் ஒரு ஸ்டாப்புக்கு மேல் இழப்பு. அதே பிளாஷ் 5 மீட்டரில் இருந்தால், அதே 1 மீட்டர் விலகலுக்கு அரை ஸ்டாப்தான் இழப்பு. அதைக் கணினியில் எளிதாகத் திருத்திவிடலாம். எனவே மைதானத்தின் ஓரத்தில், உயரமாக, சாஃப்ட்பாக்ஸ் இல்லாமல் வெறும் பிளாஷாகவே 5 மீட்டர் தொலைவில் நிறுத்துங்கள். பந்தோடு வருபவரின் கண்ணுக்கு நேராக இராமல் பக்கவாட்டில் இருக்கட்டும். ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை ஒன்றைக் கட்டாயம் கட்டுங்கள். மாலைக் கடற்காற்று அதை எளிதில் சாய்த்துவிடும்.

சூரியன் மறைந்த பிறகு, ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 400, எஃப் 4 என்று தொடங்கி, இடத்தின் ஒளி இரண்டு ஸ்டாப் குறைவாக விழும் வேளைக்குக் காத்திருங்கள். அதற்கு முன்பே எடுத்தால் ஓடும் கால் 1/200 நொடிக்குள் நகர்ந்து, கூர்மையான உருவத்தைச் சுற்றி நிழல்போல் இரண்டாவது உருவம் ஒன்று பதியும். இடம் இருண்டுவிட்டால் காலை உறையவைப்பது பிளாஷின் ஒளிர்வு நேரம்தான். திறன் குறையக் குறைய அந்த நேரமும் குறையும் என்பதால், முழுத் திறனைவிட 1/4 திறன் காலைக் கூர்மையாகப் பிடிக்கும்.

#10 வண்ணை மணப்படம்

தள்ளி வைத்தால் அளவு நிலைக்கும் என்பது உண்மை. அதற்குக் கொடுக்கும் விலையையும் மாணவரிடம் சொல்ல வேண்டும். ஒளியின் மென்மை, ஆளின் பார்வையில் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. 5 மீட்டரில் நிற்கும் வெறும் பிளாஷ் சிறு புள்ளிதான். நிழல் கத்திபோல் விழும், வியர்வை பளபளக்கும். கால்பந்துக்கு அந்தக் கடுமை அழகு. மணப்பெண்ணின் முகத்துக்கு அது பொருந்தாது. அங்கே பெரிய விளக்கு அருகில் இருந்தாக வேண்டும், அருகில் இருந்தால் ஒவ்வொரு அடியும் அளவை மாற்றும், அதனால் எனக்கு டிடிஎல் வேண்டும். ஆகவே என் நிலையைத் திருத்திச் சொல்கிறேன்: பிளாஷுக்கும் ஆளுக்கும் இடையிலான தூரத்தைக் கட்டுப்படுத்த முடிகிற இடத்தில் மேனுவல், முடியாத இடத்தில் டிடிஎல். என் உதவியாளர்கள் தொடங்குவது முடியாத இடத்தில். அவர்களுக்கு டிடிஎல்தான் முதல் பாடமாக இருக்கும்.

#11 கல்மண்டபம் வாசி

அந்தப் பிரிவை ஏற்கிறேன். வரிசையை இன்னும் ஏற்கவில்லை. சில டிரிக்கர்களில் டிடிஎல் தேர்ந்த அளவை அப்படியே மேனுவலுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் முதல் படத்தை டிடிஎல்லில் எடுத்து, கேமரா எந்தத் திறனைத் தேர்ந்தது என்று பார்த்து, வரவேற்பு மேடை முழுவதையும் அதே எண்ணில் எடுத்துப் பழகட்டும். கேமரா தேர்ந்த எண் 1/16 என்று தெரிந்தாலே அவர்களின் மேனுவல் பாடம் தொடங்கிவிடும்.

#12 வியாசை மாணவர்

கடையில் அளந்து பார்த்தோம், 5 வோல்ட்தான் இருந்தது. டிரிக்கரில் மாட்டி வீட்டு மாடியில் எடுத்தபோது ஒவ்வொரு படத்திலும் ஓர் ஓரம் முழுவதும் கரும்பட்டையாக வருகிறது. ஷட்டர் 1/320 வைத்திருந்தேன். பிளாஷ் பழுதா?

#13 எண்ணூர்க் கரை

பழுது இல்லை, தம்பி. கேமராவுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரண்டு திரைகள் உண்டு. உங்கள் கேமராவின் சின்க் வேகம் பெரும்பாலும் 1/200 அல்லது 1/250 ஆக இருக்கும். அது வரைதான் முதல் திரை முழுவதும் விலகிய பிறகு இரண்டாம் திரை கிளம்பும். 1/320ல் முதல் திரை விலகி முடிவதற்குள் இரண்டாவது மூடத் தொடங்குவதால், பிளாஷ் எரியும் கணத்தில் சென்சாரின் ஒரு பகுதி மறைந்திருக்கிறது. எல்இடியில் இந்தத் தொல்லையே இல்லை என்பதை இப்போதும் சொல்வேன். ஆனால் உங்கள் மைதானத்துக்கு எல்இடி போதாது. ஷட்டரை 1/200க்கு இறக்குங்கள். மெல்லிய பட்டை அப்போதும் தெரிந்தால் டிரிக்கர் சற்றுத் தாமதமாகச் செய்தி அனுப்புகிறது என்று பொருள். 1/160 வைத்துப் பாருங்கள். கேமராவில் ஓசையற்ற ஷட்டர் இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். பெரும்பாலான கேமராக்களில் அந்த நிலையில் பிளாஷ் எரியவே எரியாது.