பைலான் இசைக்குழுவின் பழைய கேசட்: எந்தப் பதிவு இது?

வணக்கம். 2 மாதமா ஒரு 90 நிமிட கேசட்டோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் ஏதென்ஸ் ஊரில், பழைய சாமான் விற்பனையில் வாங்கினது. லேபிளில் பென்சிலால் 'பைலான் 79'னு மட்டும் இருக்கு. பைலான், 1970-களின் கடைசியில் அதே ஊர் பல்கலைக்கழக ஓவிய மாணவர்கள் தொடங்கிய நியூ வேவ் (ஒரு வகை ராக் இசை) குழு. பாடகி வனெசா பிரிஸ்கோவின் அந்தக் கத்தலும் ராண்டி பியூலியின் கிட்டாரும் என்னை விடவே மாட்டேங்குது. ராண்டி 2009-ல் இறந்துட்டார். அதனாலேயே இந்த டேப்பைச் சும்மா போட்டுவைக்க மனசு வரலை.

6 பாட்டு இருக்கு. 'கூல்', 'டப்' ரெண்டும் அடையாளம் தெரியுது. கூட்டச் சத்தம் இல்லை, பாட்டுகளுக்கு நடுவில் பேச்சு கேட்குது. ஒத்திகை மாதிரி இருக்கு.

பிளேயரில் டேப்பைப் படிக்கிற ஹெட்டைத் துடைச்சு, அதோட கோணம் சரிபண்ணி, கணினியில் ஏற்றினேன். பதிவில் இருந்த மின்சார ஹம் (இரைச்சல்) அமெரிக்க மின்சாரத்தோட 60 ஹெர்ட்ஸுக்குப் பதில் 62.4-ல் இருந்தது, அதாவது டேப் 4% கூடுதல் வேகத்தில் ஓடுது. அதைக் குறைச்ச பிறகு அந்த ரெண்டு பாட்டும் வந்த 1979 சிங்கிளோட (சின்ன இசைத்தட்டு) ஒப்பிட்டேன், பொருந்தலை. 2020-ல் வந்த 'பைலான் பாக்ஸ்' தொகுப்பில் உள்ள ராஸ் டேப் ஒத்திகைப் பதிவோடயும் தாளம் ஒத்துவரலை. பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலி ஆல்பம் பெயரைத்தான் காட்டுது.

1980-ல் 'கைரேட்' ஆல்பம் வருவதற்கு முன்னால், ராஸ் டேப் தவிர வேறு ஒத்திகை டேப் ஏதாவது ரசிகர்கள் கையில் சுற்றினதா?