புதுப்பிப்பு: நெல் வயல் மீத்தேன் தரவு – காரணம் பிடிபட்டது

மூன்று ஆய்வுக் குழுக்களின் நெல் வயல் மீத்தேன் அளவீடுகளை ஒன்றாகச் சேர்த்தபோது, ஒரு குழுவின் எண்கள் மட்டும் ஏறத்தாழக் கால் பங்கு குறைவாக இருப்பதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலை இடையிடையே காயவிட்டு, நீர் விட்டதால் மீத்தேன் குறைந்தது என்றே நம்பினேன். இல்லை. அவர்கள் மீத்தேனில் உள்ள கார்பனின் எடையை மட்டும் பதிந்திருக்கிறார்கள்! மீத்தேனின் மூலக்கூறு எடை 16, அதில் கார்பனின் பங்கு 12; எனவே 16-ஐ 12-ஆல் வகுத்து, வந்த எண்ணால் அவர்கள் அளவுகளைப் பெருக்கியதும் மூன்றும் நெருங்கிவிட்டன. அட்டவணைத் தலைப்பில் ‘மீத்தேன்’ என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது. மூலக் கோப்பைத் திறந்து பார்க்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.

இன்னும் ஒன்று பாக்கி: இரு குழுக்கள் பயிரின் நாள்களை நடவிலிருந்து எண்ணுகின்றன, ஒன்று விதைப்பிலிருந்து. நடும்போது நாற்றின் வயது எத்தனை நாள் என்று தெரிந்தால்தான் ஒப்பிட முடியும், கேட்டு எழுதியிருக்கிறேன்.