36 வயதில் தாடையோரம் பரு, அடக்கும் க்ரீமை மறுபடி பூசலாமா?

மன்னார்குடிக்காரி:
பள்ளிக்கூட வயதில் எனக்குப் பரு வந்ததே இல்லை. இப்போது தாடையோரத்திலும் மோவாயிலும் கட்டி கட்டியாகக் கிளம்புகிறது. தொட்டால் வலி, முனை விட்டு உடைவதும் இல்லை. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் இன்னும் மோசம். நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் வேலை. குறுவை வரத்துத் தொடங்கினால் சுணையும் தூசும் முகமெல்லாம் அப்பிக்கொள்ளும். அழுக்குதான் காரணம், நன்றாகத் தேய்த்துக் கழுவு என்கிறார் மாமியார். சோப்புப் போட்டுத் தேய்த்ததில் எரிச்சல்தான் மிச்சம். நாத்தனார் தன் கல்யாணத்துக்கு வாங்கிய க்ரீமைக் கொடுத்தாள். சில வாரம் முகம் பளிங்கு போல் இருந்தது. நிறுத்தியதும் கன்னம் முழுக்க ஒரே அளவில் பொடிப் பொடியாக வந்துவிட்டன. பூசினால் அடங்குகிறது. தொடரலாமா?

மருந்துக்கடைக்காரர், கும்பகோணம்:
வேண்டாம் அம்மா. ட்யூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பூசுகிற வரை சிவப்பு அடங்கும், நிறமும் வெளுக்கும். போகப் போகத் தோல் மெலியும். நிறுத்தினால் முகம் பழிவாங்கும். இவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதியைத் திருத்திவிட்டார்கள். ஆனால் முகூர்த்த மாதம் நெருங்கினால் "வெள்ளையாக்கும் அந்த க்ரீம்" என்று கேட்டுத்தான் வருகிறார்கள். இல்லை என்றால் என்னை முறைத்துவிட்டு அடுத்த கடை.

நீண்ட நாள் பூசியிருந்தால் எப்படி நிறுத்துவது என்பதைத் தோல் மருத்துவர் சொல்லட்டும். ட்யூபையும் கையோடு கொண்டு போங்கள். பலர் அதை மறைத்துவிடுகிறார்கள். பிறகு மருத்துவர் என்ன செய்வார்?

சுணை அரிக்கும், தடிக்கும். ஆனால் நீங்கள் சொல்கிற ஆழமான கட்டிகள் அழுக்கால் வருபவை அல்ல. ஹார்மோன் தூண்டி எண்ணெய்ச் சுரப்பி மிகுதியாகச் சுரக்கிறது, மயிர்க்காலின் வாய் அடைபடுகிறது, உள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியா பெருகி வீங்குகிறது. வெளியே தேய்த்து அதை எடுக்க முடியாது.

பொன்னி, திருவையாறு:
அக்கா, மாதவிலக்கு தள்ளிப் போகிறதா? மோவாயில் முடி வளர்கிறதா? எனக்கு இரண்டும் இருந்தன. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்து பிசிஓஎஸ், அதாவது ஹார்மோன் கோளாறால் வரும் சினைப்பைப் பிரச்சினை என்றார்கள். முகத்துக்கு இரவில் அடாபலீன் என்ற பரு ஜெல், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவுதான். தொடக்கத்தில் தோல் உரிந்து, பரு கூடவும் செய்தது. கைவிடப் பார்த்தேன். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன். காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம், அதுவும் பருவுக்குப் பூசுவதுதான். அது துணியில் பட்டால் சாயம் போய்விடும். என் ஊதாத் துண்டு முழுக்க வெள்ளைத் திட்டு. கர்ப்பமாகத் திட்டமிருந்தால் அடாபலீன் வேண்டாம், முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வலங்கைமான் விவசாயி:
எல்லாம் உடல் சூடு. குப்பைமேனியை அரைத்துப் பூசுங்கள், வாரம் இருமுறை எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள்.

மருந்துக்கடைக்காரர், கும்பகோணம்:
ஐயா, எண்ணெய்க் குளியல் தலைக்கு நல்லதாகவே இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் நெற்றியில் வழிந்து நின்றால் துளை அடைபடும். எரிகிற தோலில் அரைத்த இலை எதுவும் வேண்டாம்.

மன்னார்குடிக்காரி:
பார்த்துவிட்டேன், குளோபீட்டசால்தான். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். கொள்முதல் நடக்கும்போது விடுப்புக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அதுவரை என்ன செய்வது?

மருந்துக்கடைக்காரர், கும்பகோணம்:
அரை நாள் விடுப்பாவது கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள். அதுவரை நுரை குறைந்த மென்மையான ஃபேஸ் வாஷ், நாளைக்கு இருமுறை போதும். வெயிலில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள். கிள்ளாதீர்கள், தழும்பு நிற்கும். யாராவது க்ளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல்லை மட்டும் கொடுத்தால் வாங்காதீர்கள். தனியாகப் பூசினால் பாக்டீரியா அதற்குப் பழகிவிடும். அந்த ட்யூபை நாத்தனாரிடம் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம்.