தம்பிய நேவில இருந்து 13 வருஷத்துலயே அனுப்பிட்டாங்க, அத திரும்ப பரிசீலிக்க சொல்லி கேக்க வழி இருக்கா?

காவேரிப்பட்டினம் அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். காவேரிப்பட்டினம் பக்கத்துல ஒரு கிராமம் எங்களுது. என் தம்பி 2012 பிப்ரவரில நேவில சேலரா, அதாவது மாலுமியா சேந்தான், ஒடிசா சில்கால ட்ரெய்னிங், அப்பறம் லோனாவ்லால இன்ஜின் வேலை கத்துக்கிட்டான், அதுக்கப்பறம் கப்பல்தான். எங்க பக்கத்துல ஆர்மிக்கு போனவங்க வீட்டுக்கு ஒருத்தர் இருப்பாங்க, நேவிக்கு போன மொத ஆளு இவன்தான், மொத லீவுல வெள்ளை யூனிபார்ம்ல வந்து எறங்கினப்ப எங்கப்பா மாந்தோப்புல இருந்து சட்ட கூட போடாம ஓடி வந்தாரு.

2021ல அப்பாவுக்கு கிட்னி போச்சு. வாரம் ரெண்டு தடவ சேலத்துக்கு கூட்டிட்டு போகணும், வீட்ல ஆம்பள ஆளு இல்ல. தம்பி லீவுல வந்தா திரும்பி போறதுக்கு லேட் பண்ணுவான். மொத தடவ 9 நாள், அடுத்தது 21 நாள், மூணாவது அப்பா இறந்தப்ப 34 நாள். நடுவுல அவன் சம்சாரமும் பிரிஞ்சு போயிட்டா, குடிக்க ஆரம்பிச்சுட்டான், ஒரு தடவ டூட்டில குடிச்சிருந்தான்னு தண்டனை குடுத்தாங்க. அவன் செஞ்சது தப்பு இல்லன்னு நான் சொல்ல வரல. கடைசில ஒரு நோட்டீஸ் வந்துருக்கு, உன்ன ஏன் அனுப்பக்கூடாதுன்னு கேட்டு, அதுக்கு இவன் "சொல்ல ஒண்ணும் இல்ல"ன்னு ரெண்டு வரில எழுதி குடுத்துட்டான். 2025 ஜூன்ல அனுப்பிட்டாங்க. பேப்பர்ல "சர்வீசஸ் நோ லாங்கர் ரிக்வயர்டு"ன்னு போட்டுருக்கு. 13 வருஷம் 4 மாசம். பென்ஷன் கெடையாதாம்.

இப்ப 9 மாசம் ஆச்சு, வீட்ட விட்டு வெளியவே வர்றது இல்ல. என் பையன் யூடியூப்ல பாத்துட்டு 15 வருஷம் வரைக்கும் அப்பீல் பண்ணலாம், டி.டி. 293ன்னு ஒரு பாரம் இருக்குன்னு சொல்றான். ஓசூர்ல ஒருத்தர் 80 ஆயிரம் குடுத்தா திரும்ப வேலைக்கே எடுக்க வெக்கறேங்கறாரு. தோப்ப அடமானம் வெச்சு குடுக்கலாமான்னு அம்மா கேக்குது. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாலக்கோடு மாலுமி:

தங்கச்சி, மொதல்ல அந்த 80 ஆயிரத்த குடுத்துடாதீங்க, தோப்புல கை வெக்காதீங்க. நான் நேவில 15 வருஷம் முடிச்சு பெட்டி ஆபீசரா வெளிய வந்தவன். வெளிய இருந்து ஒரு ஆள் பணம் வாங்கி சேலர திரும்ப கப்பல்ல ஏத்தற வழின்னு ஒண்ணு கெடையாது.

பையன் சொல்ற டி.டி. 293 அமெரிக்கா பாரம். அங்க படைல இருந்து அனுப்பினத திரும்ப பாக்க டிஸ்சார்ஜ் ரிவ்யூ போர்டுன்னே தனியா இருக்கு, வெளிய வந்த 15 வருஷத்துக்குள்ள அப்ளை பண்ணலாம், மனசு பாதிப்புல தப்பு பண்ணியிருந்தா அத கொஞ்சம் தாராளமா பாக்கணும்னு 2014லயே அவங்க டிபென்ஸ் செக்ரட்டரி உத்தரவு போட்டாரு. நம்ம நாட்ல அப்படி தனி போர்டு இல்ல. 15 வருஷம்னு நம்பி உக்காந்தீங்கன்னா நம்ம கெடு தாண்டிப்போயிடும், நம்ம கெடு மாசக் கணக்கு.

தம்பிக்கு நடந்தது என்னன்னு புரிஞ்சுக்கங்க. டிஸ்மிஸ் வேற, டிஸ்சார்ஜ் வேற. கோர்ட் மார்ஷல், அதாவது படைக்குள்ள நடக்கற கோர்ட் வெச்சு டிஸ்மிஸ் பண்றது 1957 நேவி ஆக்ட்ல வர்ற தண்டனை, அதுலயும் அவமானத்தோட டிஸ்மிஸ்னு இன்னும் பெருசா ஒண்ணு இருக்கு. தம்பிக்கு வந்தது அது இல்ல, இவரு இனிமே சர்வீசுக்கு தேவையில்லன்னு நிர்வாகம் எடுத்த முடிவு, நாங்க எஸ்.என்.எல்.ஆர்.னு சொல்வோம். பேருக்கு தண்டனை இல்ல, ஆனா வீட்டுக்கு வந்தா வலி ஒண்ணுதான். 15 வருஷம் முடியாததால சர்வீஸ் பென்ஷன் இல்ல. நடத்தை சரியில்லன்னு அனுப்பினவங்கள முன்னாள் படைவீரர் கணக்குல சேக்க மாட்டாங்க, அதனால டி.என்.பி.எஸ்.சி. கோட்டா, கேண்டீன் கார்டு, இ.சி.எச்.எஸ். வைத்தியம் எல்லாமே போச்சு. ஆனா கிராஜுவிட்டி, பிராவிடன்ட் பண்ட் மாதிரி சேர வேண்டிய பணம் முழுசா வந்துச்சான்னு பாருங்க, அத நிறைய பேர் கவனிக்கறதே இல்ல.

இன்னொண்ணு கேக்கணும். தம்பி எப்பவாச்சும் நேவி ஆஸ்பத்திரில மனசு சம்பந்தமா பாத்தாரா? அத மட்டும் சொல்லுங்க.

ஊத்தங்கரை ஹவில்தார்:

நான் ஆர்மி, 22 வருஷம். அம்மா கோச்சுக்காதீங்க, ஒரு பக்கத்த மட்டும் பேசினா உங்களுக்கே நல்லது இல்ல. ஒருத்தன் 34 நாள் வரலன்னா அவன் டூட்டிய இன்னொருத்தன் சேத்து பாக்கணும், கப்பல்ல ஆள் கணக்கு அளந்துதான் இருக்கும், அந்த இன்னொருத்தனுக்கும் ஊர்ல அப்பா இருப்பாரு. என் கம்பெனில இப்படி ஒரு பையன் இருந்தான், அவனுக்காக நாங்க நாலு பேர் ரெண்டு மாசம் தூங்காம காவல் பாத்தோம், அந்த கோவம் இப்பவும் எனக்கு இருக்கு. அதனால அநியாயம் அக்கிரமம்னு ஆரம்பிச்சு மனு எழுதாதீங்க. தப்பு நடந்தது நெசம், ஆனா ஏன் நடந்தது, 13 வருஷத்துல மொத 9 வருஷம் எப்படி இருந்தான், அத எடை போட்டீங்களா, அப்படி கேளுங்க.

எங்க ஆர்மில நாலு ரெட் இங்க் என்ட்ரி, அதாவது தண்டனை வாங்கினத சர்வீஸ் பேப்பர்ல செவப்பு மைல எழுதறது, விழுந்தா அனுப்பிடலாம்னு ஒரு பழக்கம் இருந்துச்சு. 2015ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிச்சுன்னா, நாலு விழுந்துச்சுங்கற கணக்க மட்டும் வெச்சு அனுப்பக்கூடாது, தப்பு எப்படிப்பட்டது, எத்தன வருஷ சர்வீஸ், கஷ்டமான எடத்துல வேலை பாத்தானா, பென்ஷனுக்கு கிட்ட வந்துட்டானா, எல்லாம் விசாரிச்சு பாக்கணும்னு. நான் கேஸ் பேரு மறந்துட்டேன், வக்கீலுங்க யாராச்சும் சொல்லுங்க.

அரூர் ஜூனியர்:

அது வீரேந்திர குமார் துபே கேஸ். நான் அரூர்க்காரன், சென்னைல ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா இருக்கேன், ராணுவ கேஸ் நிறைய பாக்கறோம். அண்ணன் சொன்னதோட அதோட கடைசி வரிகளையும் சேத்துக்கங்க அக்கா, ஏன்னா உங்களுக்கு தேவையானது அங்கதான் இருக்கு. திரும்ப டூட்டிக்கு எடுக்க சொல்லல, நடுவுல வேலை பாக்காத காலத்துக்கு சம்பளமும் இல்லன்னு சொல்லிட்டாங்க, ஆனா பென்ஷனுக்கு வேண்டிய வருஷம் முடியற வரைக்கும் சர்வீஸ்ல இருந்ததா எடுத்துக்கணும்னு உத்தரவு. உங்க தம்பி கேக்க வேண்டியதும் இதுதான். வேலைய திரும்ப குடுங்கன்னு கேட்டா தூரமா போயிடும். இதுல ஒரு ஜாக்கிரதை, அந்த தீர்ப்பு, ஆள வெளிய அனுப்பறத பத்தின ஆர்மி ரூல் 13ஐயும் 1988ல ஆர்மி தலைமையகம் போட்ட ஒரு கடிதத்தையும் வெச்சு வந்தது, நேவிக்கு வேற ரெகுலேஷன், அதனால அப்படியே ஒட்டாது, அதுல இருக்கற நியாயத்ததான் எடுத்து வாதாடணும். 2019ல இன்னொரு கேஸ்ல டிஸ்சார்ஜ் சரிதான்னும் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, ஆகவே ஜெயிச்சுடுவோம்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க.

எங்க போறதுன்னா, ஆயுதப்படை தீர்ப்பாயம், ஏ.எப்.டி.னு சொல்வாங்க. 2007ல சட்டம் வந்துச்சு, 2009ல இருந்து நடக்குது, நமக்கு சென்னை பெஞ்ச். ஒரு ஜட்ஜும் படைல பெரிய பொறுப்புல இருந்து ரிட்டயர் ஆன ஒரு ஆபீசரும் சேந்து உக்காருவாங்க, அதனால கப்பல் வாழ்க்கைய மொதல்ல இருந்து வெளக்க வேண்டியது இல்ல. ஆனா நேரா அங்க போனா, டிபார்ட்மென்ட்ல கேட்டியான்னு மொத கேள்வி வரும், சட்டத்துல 21வது பிரிவு அது. ஆகவே மொதல்ல நேவிக்கு ரெப்ரசென்டேஷன், அதாவது திரும்ப பரிசீலிங்கன்னு ஒரு மனு அனுப்பணும், ரிஜிஸ்டர் தபால்ல, ரசீத பத்திரமா வெச்சுக்கணும். 6 மாசத்துல பதில் வரலன்னா வரலன்னே வெச்சுக்கிட்டு தீர்ப்பாயம் போகலாம்.

இப்ப கெடு. 22வது பிரிவுல கடைசி உத்தரவுல இருந்து 6 மாசம்னு இருக்கு. உங்களுக்கு 9 மாசம் ஆச்சு. அதுக்காக கதவு மூடிருச்சுன்னு இல்ல, தாமதத்த மன்னிக்க சொல்லி தனி மனு போடலாம், ஆனா ஏன் லேட்டுன்னு ஆதாரத்தோட சொல்லணும், உடம்பு சரியில்ல, மனசு சரியில்லன்னா டாக்டர் சீட்டு வேணும். ஒவ்வொரு மாசமும் தள்ளிப்போட தள்ளிப்போட அந்த மனுவுக்கு பலம் கொறையும். பென்ஷன் கம்மியா வருதுன்னா எப்ப வேணா கேஸ் போடலாம்னு சொல்வாங்களே, அது மாசாமாசம் தொடர்ற பாக்கி, அதுலயும் பழைய பாக்கி 3 வருஷத்துக்குத்தான் பொதுவா குடுப்பாங்க. டிஸ்சார்ஜ் ஒரு நாள்ல முடிஞ்ச விஷயம், ரெண்டும் ஒண்ணு இல்ல.

அப்பறம் பேப்பர். தகவல் உரிமை சட்டத்துல ஆர்.டி.ஐ. மனு போடுங்க, 10 ரூபா பீஸ், ஆன்லைன்லயே போடலாம், 30 நாள்ல பதில் வரணும். தம்பி பேர்ல, தம்பி கையெழுத்துல. அந்த நோட்டீஸ், அவரு குடுத்த பதில், நடத்தைய பத்தி எழுதி வெக்கற கான்டக்ட் ஷீட், அனுப்பலாம்னு யார் எப்ப சிபாரிசு பண்ணாங்கங்கற பைல் நோட்டிங், வெளிய அனுப்பறப்ப டாக்டர் குழு பாத்து எழுதின ரிலீஸ் மெடிக்கல் போர்டு பேப்பர், எல்லாத்தையும் கேளுங்க. இது கைல இல்லாம எந்த வக்கீல் மனு எழுதினாலும் அது கண்ண கட்டிக்கிட்டு எழுதறதுதான்.

காவேரிப்பட்டினம் அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஹவில்தார் அண்ணா நீங்க சொன்னதுல எனக்கு கோவம் இல்ல, தம்பிகிட்ட படிச்சு காட்டினேன், "அவரு சொல்றது சரிதான்க்கா, எனக்காக நின்னவன் பேரு எனக்கு தெரியும்"னு சொல்லிட்டு ரொம்ப நேரம் அழுதான். 9 மாசத்துல இப்பதான் வாய தொறந்து பேசறான்.

பாலக்கோடு அண்ணா கேட்டீங்கல்ல, நேத்து ராத்திரி அவன் பெட்டிய தொறந்து பாத்தோம். 2023ல நேவி ஆஸ்பத்திரில மனநல வார்டுல 19 நாள் இருந்துருக்கான். எங்ககிட்ட ட்ரெய்னிங்னு சொல்லிட்டான். ஆஸ்பத்திரில இருந்து வெளிய வர்றப்ப குடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கு, மாத்திரை பேரெல்லாம் இருக்கு, ஒரு எடத்துல எஸ் 3 ஏ 2ன்னு எழுதியிருக்கு. அந்த 34 நாள் இதுக்கு அப்பறம்தான். நோட்டீசுக்கு பதில் எழுதினப்ப இத ஏன்டா சொல்லலன்னு கேட்டேன், வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு நெனச்சேங்கறான்.

பாலக்கோடு மாலுமி:

தங்கச்சி, இதத்தான் தேடிட்டு இருந்தேன். எஸ் 3 ஏ 2ன்னா மெடிக்கல் கேட்டகரி கொறச்சிருக்காங்கன்னு அர்த்தம், முழு பிட்னா எஸ் 1 ஏ 1னு இருக்கும். அப்படின்னா ஆஸ்பத்திரிக்கும் கப்பலுக்கும் இவருக்கு நோய் இருக்கறது பேப்பர்ல தெரிஞ்சிருக்கு. அதுக்கப்பறம் நடந்த தப்ப வெறும் ஒழுங்கீனமா மட்டும் பாத்தீங்களா, இல்ல மெடிக்கல் போர்டு வெச்சு பாத்திருக்கணுமாங்கறது பெரிய கேள்வி. குடிப்பழக்கம் தனி, நோய் தனின்னு அவங்க பக்கம் சொல்லுவாங்க, அத எதிர்பாத்துக்கிட்டே போங்க.

அரூர் தம்பி, ஒண்ணு சொல்லுங்க, இதுல இருந்து டிஸெபிலிட்டி பென்ஷன், அதாவது சர்வீஸால வந்த நோய்க்கு குடுக்கற பென்ஷன் கேக்கலாமா?

அரூர் ஜூனியர்:

கேக்கலாம்ணா, ஆனா ரெண்டாவது கோரிக்கையா. டிஸெபிலிட்டி பென்ஷனுக்கு நோயால அனுப்பினதா இருக்கணும், இவர அனுப்பினது எஸ்.என்.எல்.ஆர். அந்த பேர மாத்தி, நோயால அனுப்பினதா எடுத்துக்கங்கன்னு கேக்கணும். சேர்றப்ப நோய் இருந்ததா குறிப்பு இல்லன்னா, பின்னாடி வந்தது சர்வீஸால வந்ததுன்னுதான் எடுத்துக்கணும், இல்லன்னு நிரூபிக்க வேண்டியது அவங்க வேலைன்னு 2013ல தரம்வீர் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அந்த ஆஸ்பத்திரி சம்மரி அதுக்கும் உதவும், தாமதத்த மன்னிக்க சொல்ற மனுவுக்கும் உதவும். அக்கா அந்த ஒரிஜினல யார்கிட்டயும் குடுக்காதீங்க, எனக்கும் வேணாம், ஜெராக்ஸ் போதும்.

இன்னொண்ணு, வராம இருந்த நாள், தண்டனைல அடைச்சு வெச்சிருந்த நாள் எல்லாம் பென்ஷன் சர்வீஸ் கணக்குல கழிச்சிடுவாங்க. 13 வருஷம் 4 மாசம்னு நீங்க போட்ட கணக்கு பேப்பர்ல கொஞ்சம் கொறைவா வரும், அத பாத்து பயந்துடாதீங்க. தீர்ப்பாயத்துல தோத்தாலும் அதோட முடியல, ஹைகோர்ட்ல ரிட் போடலாம்னு 2023ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு.

பர்கூர் டீச்சர்:

சட்டம் எனக்கு தெரியாது. என் வீட்டுக்காரரும் படைல இருந்து வந்து ரெண்டு வருஷம் இப்படித்தான் ரூம்லயே இருந்தாரு, அதனால எழுதறேன். கேஸ் நடக்கட்டும், தம்பிய இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போம்மா. கிருஷ்ணகிரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநல ஓ.பி. இருக்கு, நாங்க அங்கதான் பாத்தோம். ராத்திரில ரொம்ப முடியலன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், காசு கெடையாது, தமிழ்ல பேசுவாங்க. அவன தனியா தோப்புக்கு அனுப்பாதீங்க, யாராச்சும் கூட போங்க.

பாலக்கோடு மாலுமி:

டீச்சரம்மா சொன்னதுதான் மொதல்ல. ஆஸ்பத்திரிக்கு போறப்ப அந்த பழைய சம்மரிய காட்டி ஓ.பி. சீட்டுல எழுத சொல்லுங்க தங்கச்சி, தொடர்ந்து வைத்தியம் பாக்கறதுக்கும் அது ஆதாரம் ஆகும். வக்கீல் பீசுக்கு வழி இல்லன்னா கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, வருமானம் கம்மின்னா இலவசமா வக்கீல் போடுவாங்க. கலெக்டர் ஆபீஸ் பக்கம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துலயும் ஒரு தடவ கேட்டு பாருங்க, தம்பிக்கு அந்த அந்தஸ்து இல்லன்னாலும் மனு எந்த அட்ரஸுக்கு அனுப்பணும்னு சொல்லுவாங்க. சேலர் பைலெல்லாம் மும்பை மான்குர்த் சீட்டா கேம்ப்ல இருக்கற பியூரோ ஆப் செய்லர்ஸ்லதான் இருக்கும்.

வர்ற ஞாயித்துக்கிழமை நான் கிருஷ்ணகிரி வர்றேன், ரவுண்டானாகிட்ட எறங்கி போன் பண்றேன். தம்பிகிட்ட சொல்லுங்க, சில்கால நானும் அதே கிரவுண்டுல ஓடினவன்தான், மனுவ அவரு கையாலயே எழுதட்டும், நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். அந்த 9 நாள், 21 நாள், 34 நாள் தேதியெல்லாம் ஒரு தாள்ல குறிச்சு வெக்க சொல்லுங்க, பக்கத்துலயே அப்பாவோட டயாலிசிஸ் தேதியும், ஆஸ்பத்திரி ரசீது எது இருந்தாலும் எடுத்து வெயிங்க.